படம் காட்டும் பள்ளிகள்!

வழவழப்பான தாள். வண்ண வண்ணப் படங்கள். கழுத்திலே டை, காலிலே கருப்பு ஷூ, கையிலே உலக உருண்டை. சிரிக்கிறான் ஒரு சிறுவன். அவன் பின்னாலே எழுந்து நிற்கிறது ஏழடுக்கு மாளிகை. மாளிகை முன்னே பச்சைப் பட்டு விரித்தாற்போலப் புல்வெளி. புல்வெளி நடுவிலே நீரூற்று. ஏதோ அரண்மனை விற்பனைக்கு வந்திருக்கிறது போலும் என்று எண்ணிவிடாதீர்கள், தோழர்களே! ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை அரிச்சுவடி சொல்லித்தரும் ஒரு தொடக்கப் பள்ளியின் விளம்பரம் அது!

அந்தத் தாளைப் பிடித்தபடி நம் முன்னே வந்து நின்றார் விசைத்தறித் தோழர் ஒருவர். நைட் ஷிப்டு முடித்து நேரே வந்திருக்கிறார். தலைமுடியிலே பஞ்சு, கண்ணிலே தூக்கம், முகத்திலே கவலை.

“அண்ணே! பையனை ஒண்ணாங் கிளாசிலே சேர்க்கணும். இந்தப் பள்ளிக்கூடத்துக்காரங்க வீட்டுக்கே வந்து நோட்டீசு கொடுத்துட்டுப் போனாங்க. எல்லாம் இங்கிலீசிலே இருக்குது. கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க.”

படித்தோம். சொன்னோம். ஸ்மார்ட் கிளாஸ் உண்டாம். அபாகஸ் உண்டாம். கராத்தே உண்டாம். யோகா உண்டாம். ஸ்போக்கன் இங்கிலீஷ் உண்டாம். ‘கலர் டே’ என்று மாதந்தோறும் விழா உண்டாம். பச்சை நாளென்றால் பச்சைச் சட்டை, மஞ்சள் நாளென்றால் மஞ்சள் சட்டை. சட்டைக்குக் காசு யாருடையது என்பது மட்டும் அதில் இல்லை! உலகத் தரம் உண்டாம். நாளைய தலைவர்களை உருவாக்கும் நற்பணி நடைபெறுகிறதாம். ‘இடங்கள் சிலவே, முந்துங்கள்!’ என்று ஜவுளிக்கடைத் தள்ளுபடி போல முழக்கமும் உண்டு.

எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்த தோழர், கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“பணம் எவ்வளவுன்னு போட்டிருக்குதா, அண்ணே?”

தேடினோம். முன்பக்கம் பார்த்தோம், பின்பக்கம் பார்த்தோம், மடிப்பை விரித்தும் பார்த்தோம். இல்லை! ‘கட்டண விவரங்களுக்கு அலுவலகத்தை அணுகவும்’ என்று எறும்பு ஊர்ந்தாற்போல ஒரு வரி, மூலையிலே. எட்டுப் பக்கம் அச்சடித்தவர்களுக்கு, உழைப்பவன் கேட்கும் ஒரே கேள்விக்கு ஒரு வரி ஒதுக்க இடம் கிடைக்கவில்லை!

“நேரிலே போய்ப் பார்த்தீரா?” என்று கேட்டோம்.

“போனேன் அண்ணே. இந்த ஏழு மாடியைக் காணோம். ஒரு மாடிக் கட்டடம்தான் இருக்குது. அதுக்கு மேலே தகரக் கொட்டகை. இது எங்கேன்னு கேட்டா, இனிமே கட்டப்போறோம்னு சொல்றாங்க.”

கட்டப்போகும் மாளிகையைக் காட்டி, கட்டவேண்டிய பணத்தை இன்றே வாங்குகிறார்கள்! நீரூற்று தாளிலே, கண்ணீர் ஊற்று தொழிலாளி வீட்டிலே!

இதைச் சிரித்துவிட்டுப் போய்விடலாமா? முடியாது, தோழர்களே. 2004ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 16ஆம் நாளை மறந்தவர் யார்? கும்பகோணத்திலே, மாடியிலே கூரை வேய்ந்த வகுப்பறை; இறங்கிவரக் குறுகலான படி. கீழே சமையற்கட்டிலே பற்றிய தீ மேலே தாவிற்று. 94 குழந்தைகள் கரிந்து மாண்டனர். ஒரே வளாகத்துக்குள்ளே மூன்று பள்ளிகளை அடைத்து நடத்தினார்கள் என்பது பின்னர் ஊருக்கெல்லாம் தெரிந்தது. முன்னரே தெரிந்திருந்தால் எந்தத் தாய் தன் பிள்ளைக்குத் தலைவாரி அந்தப் படியிலே ஏற்றியிருப்பாள்? கூரை எதனால் ஆனது, படிக்கட்டு எத்தனை, வாசல் எத்தனை என்பதெல்லாம் அபாகசைக் காட்டிலும் அவசியமான செய்திகள். எந்த வண்ணத் தாளிலே அவை அச்சாகின்றன?

ஒன்றை இங்கே சொல்லிவிடவேண்டும். அந்த விசைத்தறித் தோழரை ஏளனம் செய்வது நம் நோக்கமல்ல. ‘அரசுப் பள்ளி இருக்கும்போது இவருக்கு ஏன் இந்த ஆசை?’ என்று வசதியான நாற்காலியில் அமர்ந்துகொண்டு கேட்பவர் உண்டு. ஆசை இல்லை, அய்யா, அச்சம்! தான் பட்ட பாடு தன் பிள்ளையும் படக்கூடாதே என்ற அச்சம். ஆங்கிலம் தெரியாததால் அலுவலக வாசலிலே கூனிக் குறுகி நின்ற அனுபவம். மூன்று வயது முடிந்ததும் வீட்டு வாசலுக்கே வேன் வருகிறது; கணவனும் மனைவியும் தறிக்குப் போகும் குடும்பத்துக்கு அந்த வேன் பெரிய வசதி. அரசு வெகுகாலம் அந்த வயதுப் பிள்ளையைப் பள்ளி வாசலிலே சேர்க்கவில்லை. 2019ஆம் ஆண்டில்தான் நடுநிலைப் பள்ளி வளாகங்களில் உள்ள 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கப்பட்டன. மூன்று வயதில் வேன் ஏறிய பிள்ளை, ஐந்து வயதில் இறங்கி வருவானா? காரணம் இப்படிப் பல. ஆகவே குற்றம் தகப்பன்மேல் இல்லை. அவன் அச்சத்தை அச்சடித்து விற்கிறார்களே, அவர்களிடம்தான் நம் வழக்கு.

வழக்கென்றால் சான்று வேண்டும். இதோ, அந்த வண்ணத் தாளிலே அச்சாகாத வரிகள். சட்டப் புத்தகத்திலே இருக்கின்றன. விளம்பர ஏட்டிலே இல்லை!

முதல் வரி: கட்டணம். 2009ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் பள்ளிக் கட்டண ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. ஓய்வுபெற்ற உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவர் தலைமையில் குழு அமைந்து, தனியார் பள்ளி ஒவ்வொன்றும் எவ்வளவு வாங்கலாம் என்று விதிக்கிறது. விதித்த தொகைக்கு மேல் வாங்குவது குற்றம். அப்படியானால் அந்தத் தொகையை முதல் பக்கத்திலே கொட்டை எழுத்தில் போடுவதற்கு என்ன தயக்கம்? மறைப்பவன் மனத்திலே இருப்பது என்ன என்பதை மாட்டுச் சந்தைக்குப் போனவர்கள் அறிவார்கள். அங்கேதான் துண்டுக்குள்ளே கைவிட்டு விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். கல்விக்கூடத்திலும் துண்டு போட்டுத்தான் விலை பேசுவதா?

இரண்டாம் வரி: தேர்வு, நேர்முகம். ‘குழந்தைக்கும் பெற்றோருக்கும் இன்டர்வியூ நாள்’ என்று சில தாள்களில் அச்சிடுகிறார்கள். நாடாளுமன்றம் 2009ஆம் ஆண்டில் இயற்றி, 2010 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு என்ன சொல்கிறது? குழந்தையையோ பெற்றோரையோ வடிகட்டும் எந்தத் தேர்வும் கூடாது. மீறினால் முதல் முறை 25,000 ரூபாய் வரை அபராதம், அடுத்தடுத்த ஒவ்வொரு முறையும் 50,000 ரூபாய் வரை. நன்கொடை வாங்கினால் வாங்கியதைப்போல் பத்து மடங்கு வரை அபராதம். கையெழுத்து மட்டுமே போடத் தெரிந்த தாயை உட்காரவைத்து ஆங்கிலத்தில் கேள்வி கேட்டு முகம் வாடச் செய்கிறார்களே, அது ஆணவம் மட்டுமல்ல, சட்டமீறல்!

மூன்றாம் வரி: நூற்றுக்கு இருபத்தைந்து. அதே சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி, தனியார் பள்ளி தன் நுழைவு வகுப்பின் இடங்களில் கால் பங்கை, அக்கம்பக்கத்தில் வாழும் நலிந்த பிரிவினருக்கும் ஒடுக்கப்பட்ட பிரிவினருக்கும் கட்டணமின்றித் தரவேண்டும். கட்டணத்தை அரசு ஈடுசெய்யும். தமிழ்நாட்டில் ஆண்டு வருமானம் 2 இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்கள் நலிந்த பிரிவில் அடங்கும். சிறுபான்மையோர் நடத்தும் பள்ளிகளுக்கு இக்கடமை இல்லை என்று 2014ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஏனைய தனியார் பள்ளிகளுக்கு உண்டு. ஒரு நுணுக்கம் கவனியுங்கள்: எல்.கே.ஜி. உள்ள பள்ளியில் இந்த இடம் எல்.கே.ஜி. சேர்க்கையின்போதே கிடைப்பது. ஒன்றாம் வகுப்புக்குப் போய்க் கேட்டால் வண்டி போய்விட்டது என்பார்கள். நம் விசைத்தறித் தோழருக்கு இரண்டாண்டுக்கு முன்னரே தெரிந்திருக்கவேண்டிய செய்தி இது. யார் சொன்னார்கள்? எந்தத் தாள் சொல்லிற்று? நிதித் தகராறினால் 2025ஆம் ஆண்டில் இந்தச் சேர்க்கை பல மாதம் தாமதப்பட்டபோதும், ஊமையாய்க் கிடந்தன வண்ணத் தாள்கள்!

நான்காம் வரி: ஆசிரியர். அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர். தொண்ணூறு வரை மூவர். நூற்றிருபது வரை நால்வர் என்பது தொடக்கப் பள்ளிக்குச் சட்டம் விதித்த கணக்கு. ஆசிரியப் பயிற்சி பெற்றவராக, 2010க்குப்பின் நியமனமானால் தகுதித் தேர்வில் தேறியவராக இருக்கவேண்டும் என்பது தகுதி விதி. நீச்சல் குளத்தின் நீளம் அகலத்தை அச்சிடுகிறவர்கள், ஆசிரியரின் படிப்பையும் அவர் வாங்கும் சம்பளத்தையும் அச்சிடுவதுண்டா? பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பக்கத்துத் தெருப் பெண்ணைக் குறைந்த சம்பளத்துக்கு அமர்த்திவிட்டு, ‘அனுபவமிக்க ஆசிரியர் குழு’ என்று போட்டுக்கொள்ளும் பள்ளிகள் இல்லையா? அங்கே பிள்ளையும் ஏமாறுகிறது, அந்தப் பெண்ணும் சுரண்டப்படுகிறாள். இரண்டும் தொழிலாளி வீட்டுப் பிள்ளைகள்!

ஐந்தாம் வரிதான் வேடிக்கை. ‘எங்கள் பாடத்திட்டமே தனி’ என்று தம்பட்டம் அடிக்கிறார்கள் மெட்ரிகுலேஷன் பெயர்ப்பலகைக்காரர்கள். சமச்சீர்க் கல்விச் சட்டம் 2010இல் வந்தது. அதை நிறுத்திவைக்க முயன்றபோது, நடைமுறைப்படுத்தியே தீரவேண்டும் என்று 2011 ஆகஸ்ட் 9ஆம் நாள் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அன்று முதல், பத்தாம் வகுப்பு வரை மெட்ரிக் பள்ளிக்கும் மாநகராட்சிப் பள்ளிக்கும் பொதுப் பாடத்திட்டம் ஒன்றே! ஒரே நெல், ஒரே அரிசி. ஓரிடத்தில் வாழை இலையில் இலவசமாகப் பரிமாறுகிறார்கள். இன்னோரிடத்தில் வெள்ளித் தட்டில் வைத்து விலை கேட்கிறார்கள்.

ஆறாம் வரி, எதிர்காலத்தையே தொடுவது. தமிழ் வழியில் படித்தவர்களுக்குத் தமிழ்நாடு அரசுப் பணிகளில் நூற்றுக்கு இருபது இடம் முன்னுரிமை என்று 2010ஆம் ஆண்டில் சட்டம் வந்தது. பட்டப்படிப்பை மட்டும் தமிழில் படித்துவிட்டுச் சிலர் அதைப் பெற்றதால், 2020இல் சட்டம் திருத்தப்பட்டது. இப்போது முதல் வகுப்பு முதற்கொண்டே தமிழ் வழியில் படித்திருக்கவேண்டும். என்ன பொருள்? ஆறு வயதுப் பிள்ளைக்கு அப்பன் எடுக்கும் முடிவு, அவன் இருபத்திரண்டு வயதில் அரசு வேலைக்கு மனுப்போடும்போது வந்து நிற்கும்! ஆங்கிலம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஆங்கிலம் கற்கவேண்டும், கற்றே தீரவேண்டும். ஆனால் ஆங்கிலத்தைக் கற்பது வேறு; தமிழை விற்று ஆங்கிலத்தை வாங்குவது வேறு. ‘இங்கே சேர்த்தால் அந்த இருபது விழுக்காட்டில் உங்கள் பிள்ளைக்குப் பங்கில்லை’ என்று ஆங்கில வழிப் பள்ளியின் தாள் ஒரு வரி சொல்லியிருந்தால், அதுவல்லவோ நேர்மை!

சரி, அவர்கள் தாளைப் புரட்டியாயிற்று. நம் வீட்டுப் பள்ளியின் தாள் எங்கே?

விசைத்தறித் தோழர் வீட்டிலிருந்து கூப்பிடு தொலைவிலே ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி இருக்கிறது. அதற்கு ஏழடுக்குப் படமில்லை, எட்டுப் பக்க ஏடில்லை. இருந்திருந்தால் அதிலே எதை அச்சிடலாம்?

‘கட்டணம்: இல்லை’ என்று முதல் வரியிலேயே போடலாம். அலுவலகத்தை அணுகவேண்டியதில்லை! பாடநூல், சீருடை, காலணி, புத்தகப்பை எல்லாம் விலையில்லாதவை என்று போடலாம். பயிற்சி பெற்ற ஆசிரியர் என்று போடலாம்; அது படமல்ல, ஆவணம். சோற்றைப் பற்றிப் போடலாம்: 1920ஆம் ஆண்டு பிட்டி தியாகராயர் சென்னை மாநகராட்சித் தலைவராயிருந்தபோது ஆயிரம் விளக்குப் பள்ளியிலே தொடங்கிய மதிய உணவு, 1956இல் காமராசர் முதலமைச்சராயிருந்தபோது மாநிலம் தழுவிப் பரவிய மதிய உணவு, 1982இல் சத்துணவு, 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்த காலை உணவு. நூறாண்டு வரலாறு ஒரு தட்டிலே இருக்கிறது! அதோடு, 2020 முதல் மருத்துவக் கல்லூரிகளில் அரசுப் பள்ளி மாணவர்க்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு. ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவர்க்கே அது. ‘டாக்டர் ஆக்குகிறோம்’ என்று அவர்கள் தாளிலே காட்டுவது ஸ்டெதாஸ்கோப் மாட்டிய பொம்மைப் பிள்ளை; இங்கே இருப்பது சட்டம் தந்த இடம்!

இத்தனையும் இருந்தும் சொல்ல ஆளில்லை. சில ஊர்களிலே ஆசிரியர்களே தம் கைப்பணத்தைப் போட்டு நோட்டீசு அச்சடித்து, வீடு வீடாய்ச் சென்று, தப்பு தவில் முழங்கப் பிள்ளைகளை அழைத்துவருகிறார்கள். அவர்களைக் கைகூப்பி வணங்குகிறோம். ஆனால் அது ஆசிரியர் ஒருவரின் கடமையா? ஊரின் கடமையல்லவா?

இங்கே நாம் நம்மையே ஏமாற்றிக்கொள்ளக் கூடாது. அரசுப் பள்ளி அனைத்தும் பொன் என்று சொன்னால் அதுவும் ஒரு வண்ணத் தாளே! தண்ணீர் வராத கழிப்பறை இருக்கிறது. சுற்றுச்சுவர் இடிந்த பள்ளி இருக்கிறது. ஐந்து வகுப்பையும் ஒரே அறையில் உட்காரவைத்து இரண்டே ஆசிரியர் பாடம் சொல்லும் பள்ளி இருக்கிறது. பிள்ளைகள் குறைந்ததால் ஆசிரியர் குறைகிறார். ஆசிரியர் குறைந்ததால் பிள்ளைகள் மேலும் குறைகிறார்கள். கடைசியில் ஒருநாள் கதவுக்குப் பூட்டு. அப்படிப் பூட்டிய பள்ளியின் சாவி எங்கே போகிறது தெரியுமா? வேன் அனுப்பும் முதலாளியின் கல்லாப்பெட்டிக்கு! அந்தப் பூட்டு விழுந்தபின் அவர் கேட்பதுதான் கட்டணம், போடுவதுதான் விதி. இதுதான் தோழர்களே, இந்த விவகாரத்தின் வேர். ஒரு குடும்பத்தின் கடனோடு முடிவதல்ல. ஊருக்கு இருந்த ஒரே இலவச வாசல் அடைபடுவது.

என்ன செய்யலாம்?

அரசுக்கு ஒரு வேண்டுகோள். இங்கிலாந்திலே, பள்ளிகள் பெற்றோருக்கென வெளியிடும் செய்தியை 1980ஆம் ஆண்டுக் கல்விச் சட்டமே கட்டாயமாக்கிற்று. அரசு நிதியில் நடக்கும் பள்ளிகள் சேர்க்கை ஏற்பாடு முதலியவற்றை ஆண்டுதோறும் வெளியிட்டாக வேண்டும் என்றது. இன்னதைச் சொல் என்று அங்கே சட்டம் விதித்தது. இங்கே அச்சகம் விதிக்கிறது! மருந்துப் புட்டியிலே விலையும் காலாவதி நாளும் இல்லையென்றால் விற்க முடியுமா? அதுபோல, பள்ளி வெளியிடும் எந்த விளம்பர ஏட்டிலும் அங்கீகார எண், குழு விதித்த கட்டணம், கால் பங்கு இடங்களின் எண்ணிக்கை, ஆசிரியர் தொகையும் தகுதியும், கட்டடச் சான்று, தீயணைப்புச் சான்று ஆகிய ஆறும் தமிழில், தெரியும் அளவு எழுத்தில், முதல் பக்கத்தில் இருந்தாகவேண்டும் என்று ஆணை பிறப்பிக்கட்டும். அரசுப் பள்ளியின் ஏட்டுக்கும் அதே விதி பொருந்தட்டும்.

தோழர்களுக்கு ஒரு வேலை. உங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளிக்குப் போங்கள். சட்டப்படி அங்கே பள்ளி மேலாண்மைக் குழு ஒன்று உண்டு. அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். பெயரளவில் இருந்தால் உயிர் கொடுங்கள். கழிப்பறைக்குத் தண்ணீர் வரவில்லையா? முதலில் அதற்கு மனு. ஆசிரியர் பற்றாக்குறையா? அடுத்து அதற்கு மனு. குறை தீர்ந்தபின், தீர்ந்ததைத் தீர்ந்தது என்றும் தீராததைத் தீரவில்லை என்றும் எழுதி, ஒரே ஒரு தாள், கருப்பு வெள்ளையில் அச்சடியுங்கள். படிப்பகத்திலே ஒட்டுங்கள். தேநீர்க் கடையிலே படித்துக் காட்டுங்கள். தறிக்கூடத்து வாசலிலே, ஷிப்டு மாறும் நேரத்திலே, கையிலே கொடுங்கள். தனியார் பள்ளியில் சேர்ப்பேன் என்பவரிடம் சண்டை வேண்டாம். மேலே சொன்ன ஆறு வரிகளையும் கேட்டுவிட்டுச் சேர்க்கச் சொல்லுங்கள். இடையிலே கட்டணம் தாளாமல் அரசுப் பள்ளிக்கு வருபவரிடம், மாற்றுச் சான்றிதழ் தாமதமாவதைக் காரணம் காட்டிச் சேர்க்க மறுக்க முடியாது என்று சட்டத்தின் 5ஆம் பிரிவு கூறுவதை எடுத்துச் சொல்லுங்கள்.

விசைத்தறித் தோழர் எல்லாவற்றையும் கேட்டார். வண்ணத் தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

“நாளைக்குப் பகல்லே ரெண்டு பள்ளிக்கூடத்துக்கும் போறேன் அண்ணே. ரெண்டு இடத்திலேயும் ஒரே கேள்வியைக் கேட்கிறேன். அந்த ஆறையும் ஒரு துண்டுத் தாளிலே தமிழிலே எழுதிக் கொடுங்க.”

எழுதிக் கொடுத்தோம். அவர் பிள்ளையை எங்கே சேர்ப்பார் என்பது அவர் உரிமை. ஆனால் இனி அவர் படம் பார்த்து ஏமாறமாட்டார். அந்தத் துண்டுத் தாள் ஒன்று நூறாகட்டும், நூறு இலட்சமாகட்டும்!

படம் காட்டுவோரிடம் பாடம் எங்கே என்று கேட்போம்! பாடம் இருக்கும் பள்ளியைப் பாழாகவிடாமல் காப்போம்!